நாங்கள் என்றால் யார்

திங்கள், 06.10

யூரோப்பா, கீழ்நிலையம். பதிவு: டாக்டர் செசிலி ஞானப்பிரகாசம், நிலையத் தலைவர், பனி ஒலியியல்.

தலைக்கு மேலுள்ள பனி அமைதி. தொலைவில் சில விரிசல் ஒலிகள், கவலைப்பட ஏதுமில்லை. சுவர்களில் கசிவு இல்லை. கூண்டு ஏறி இறங்கும் துளையின் சூடேற்றிகள் சீராக இயங்குகின்றன.

நாம் இரண்டு பருவங்களாகத் தேடிய வெந்நீர் ஊற்று கடலடியில் கிடைத்துவிட்டது. அதன் இடத்தைச் சென்ற வாரமே பனிக்கு மேலுள்ள மேல்தளத்துக்கு அனுப்பினேன். நமக்கு இது பெருமைக்குரிய பருவம்.

கூண்டு வெள்ளிக்கிழமை இறங்கும். மூவரும் மேலே போகிறோம். அதன்பின் சூடேற்றிகள் நிறுத்தப்பட்டு, அடுத்த பருவம்வரை துளை உறைந்து கிடக்கும்.

பதிவை முன்பின் தெரியாதவர் கண்டெடுத்தாலும் விளங்கும்படி எழுத வேண்டும் என்பது நிறுவன விதி. ஆகவே ஊழியர் பற்றி ஒரு வார்த்தை. சோலைராஜ், எந்திரப் பொறியாளர், மதுரைப் பக்கம். என்னோடு ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். குறட்டை தவிர வேறு குறையில்லை. சத்தியரூபன், துளையிடும் கருவிக்குப் பொறுப்பு, யாழ்ப்பாணத்துக்காரர். முன்பு இருந்தவர் நோயுற்றதால் போன மாதம் வந்தார். கைவேலை சுத்தம். என்னை ‘அன்ரி’ என்று, அதாவது ஆன்ட்டி என்று, அழைக்கிறார். ‘டாக்டர்’ என்பதே முறை என்று சொன்னேன். “Yes, அன்ரி” என்றார்.

வேலைமொழி ஆங்கிலம். இது என் விதி. ஆளுக்கொரு தமிழில் கட்டளை பறந்தால் வால்வு மாறித் திறக்கும்.

செவ்வாய், 09.40

காலை உணவுக்குப் பிறகு மூன்று அறைகளின் கதவுகளும் தாமாக மூடிக்கொண்டன. உள்ளிருந்து திறக்க முடியவில்லை. நான் ஆய்வறையில். சோலை எந்திர அறையில். ரூபன் கருவி அறையில். நடுவே நடைவழி காலியாகக் கிடக்கிறது. என் கதவிலுள்ள வட்டக் கண்ணாடியில் அது தெரிகிறது.

மேல்தளத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி அமுதினி பேசினார். குரல் அப்படியே:

“வணக்கம் மேடம். பயப்பட ஒண்ணுமில்ல. ஊற்று இருக்கிற இடம் போட்டி நிறுவனத்தோட எதிர் நிலையத்துக்குத் தெரிஞ்சிருக்கு. நேரா அதைப் பார்த்தே துளை போட ஆரம்பிச்சிட்டாங்க. கீழ அந்த இடம் தெரிஞ்சவங்க நீங்க மூணு பேர்தான். ஒருத்தர் ஒற்றர். நீங்க தலைவர். யாருன்னு சான்றோட சொல்லுங்க. மத்த ரெண்டு பேரைக் கூண்டுல ஏத்திக்கிறோம்.”

சான்று கிடைக்காவிட்டால் என்று கேட்டேன்.

“அப்ப கூண்டு இறங்காது மேடம். ஒற்றரை மேல கொண்டுவர முடியாது. யாருன்னு தெரியலன்னா மூணு பேரையும் கொண்டுவர முடியாது.”

அடுத்த பருவம்வரை தாங்க இங்கே எரிபொருள் இல்லை. அது அவருக்கும் தெரியும். பேச்சு முழுக்க இனிமையாகவே இருந்தார்.

செவ்வாய், 17.20

சோலை தனி இணைப்பில் கூப்பிட்டார். ஆறு ஆண்டுகளில் இன்றுதான் என்னோடு தமிழில் பேசுகிறார். நான் தடுக்கவில்லை.

“மேடம், இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்தப் பயதான். நீங்களா சொல்லிருப்பீங்க? நானா?”

சான்று கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமையானா தங்கச்சிகூடப் பேசுறான். மெதுவாப் பேசுறான் மேடம். தங்கச்சிகூட எதுக்கு மெதுவாப் பேசணும்?”

சோலை தன் மனைவியோடு பேசுவது துளையிடும் கருவிக்கு மேல் கேட்கும் என்பதால் உலகமே அப்படிப் பேச வேண்டியதில்லை என்றேன்.

“எதிர் நிலையத்துல அவன் ஊர்க்காரன் ஒருத்தன் இருக்கான் மேடம். அவய்ங்களுக்குள்ள என்ன ஓடுதோ.”

என் ஊர்க்காரர்கள் திருச்சி மத்திய சிறையிலும் இருக்கிறார்கள் என்றேன்.

“சொன்னா கோவிச்சுக்குறீங்க. வெள்ளிக்கிழமை நாம மேல போகணும் மேடம். எம் பொண்ணுக்குக் காது குத்து வச்சிருக்கேன்.”

வந்து ஒரு மாதம்தான், குரல் மெது, ஊர்க்காரன் ஒருவன். இதில் எதுவும் சான்றல்ல. என் கணவர் குற்றவியல் வழக்கறிஞர். சாட்சிகளைத் தயார் செய்யும்போது சொல்வார்: “காதில் விழுந்ததைச் சொல்லுங்கள். அதை வைத்து மனதில் நினைத்ததைச் சொல்லாதீர்கள்.” அவர் இறந்து பதினோராண்டு ஆயிற்று. இந்த அறையில் இன்று அவர் இருந்திருந்தால் சோலையின் சாட்சியம் ஐந்து நிமிடம்கூட நின்றிருக்காது.

புதன், 07.00

வெப்பநிலை சீர். உறக்கம் குறைவு.

பொது இணைப்பில் ரூபன் கூப்பிட்டார். ஆங்கிலத்தில் தொடங்கி, இரண்டாவது வாக்கியத்திலேயே தமிழுக்கு வந்துவிட்டார்.

“அன்ரி, நித்திரை கொண்டனீங்களே? எனக்கெண்டா கண் மூடேல்லை. சோலை அண்ணை என்னோட கதைக்கிறார் இல்லை. கூப்பிட்டா இணைப்பை நிப்பாட்டுறார்.”

அச்சத்தில் இருக்கிறார் என்று நினைத்து, கூண்டு வரும் என்று சொன்னேன். அதற்கு அவர்:

“ஓம் அன்ரி, யோசிக்காதேங்கோ. நாங்கள் எப்பிடியும் மேல போயிடுவம்.”

இந்த வாக்கியத்தைப் பதிவிலிருந்து மூன்று முறை கேட்டேன்.

புதன், 09.15

நாங்கள். ‘நாம்’ அல்ல.

சின்னச் சொல்தான். ஆனால் தமிழில் பேசுகிறவன் எதிரில் நிற்பவரைத் தன்னோடு சேர்த்தால் ‘நாம்’. விலக்கினால் ‘நாங்கள்’. கான்வென்ட்டில் எங்கள் தமிழாசிரியை சிஸ்டர் லூர்து ஒருநாள் கேட்டார்: செபத்தில் ‘எங்கள் தந்தையே’ என்கிறோமே, ‘நம் தந்தையே’ என்று ஏன் சொல்வதில்லை? வகுப்பில் நான் ஒருத்திதான் கை தூக்கினேன். கடவுளிடமே பேசுவதால் அவர் அந்தப் பன்மைக்கு வெளியே நிற்கிறார், சிஸ்டர். அன்று என் கையில் ஒரு மாதா படம் கொடுத்தார். இன்னும் என் பைபிளுக்குள் இருக்கிறது.

என்னிடமே பேசும்போது என்னை விலக்கிவிட்டு மேலே போகப்போகும் அந்த ‘நாங்கள்’ யார்?

சோதிப்பதற்காக மறுபடி அழைத்தேன். ஊற்று கிடைத்த நாளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். “நாங்கள் சுடுதண்ணியைக் கண்டுபிடிச்ச அண்டைக்கு நீங்கள் சிரிச்சனீங்கள் அன்ரி. முதல்தரமா” என்றார். கண்டுபிடித்தது நான். என்னையே கழித்துவிட்டால் மிஞ்சும் அந்தக் கூட்டம் எது?

மனிதன் முகத்தை அடக்கலாம், குரலை அடக்கலாம். பன்மையை அடக்க முடியாது. அது யோசிக்கும் முன்பே வாயிலிருந்து விழுந்துவிடும்.

புதன், 15.30

பெயரை அனுப்பிவிட்டேன். ஒலிப்பதிவு இரண்டு, இலக்கண விளக்கம் மூன்று பக்கம். ஊகம் ஒன்றுகூட இல்லை. இருமுறை பிழை திருத்தினேன்.

அமுதினி: “பிரமாதம் மேடம். இத்தனை வருஷத்துல இப்படி ஒரு சான்றை யாரும் கொடுத்ததில்ல. உங்க பதிவெல்லாம் படிக்கிற ஆய்வு எந்திரத்துல இதையே விதியா ஏத்திட்டோம். யாரு ‘நாம்’ சொல்றாங்க, யாரு ‘நாங்கள்’ சொல்றாங்கன்னு இனி அதுவே எல்லாரோடதையும் பார்த்துக்கும்.”

மகிழ்ச்சியாக இருந்தது. மறைப்பானேன்.

ரூபன் ஒப்புக்கொள்ளும்வரை அவர் அறையின் வெப்பத்தைக் குறைக்கிறார்களாம். அவரோடு பேசும் இணைப்பை மட்டும் எனக்கு விட்டுவைத்திருக்கிறார்கள்.

வியாழன், 08.15

“அன்ரி, இஞ்ச சரியான குளிர். சூடேத்தி பழுதாப் போச்சு போல. சோலை அண்ணையிட்டச் சொல்லுறீங்களே?”

பழுதில்லை என்றேன். மேல்தளத்தின் முடிவு என்றேன். ஒப்புக்கொண்டால் சூடு திரும்பும் என்றேன்.

“எதை ஒப்புக்கொள்ளுறது?”

உங்கள் ‘நாங்கள்’ யார் என்று கேட்டேன். உங்களோடு மேலே போகப் போகிறவர்கள் யார்?

அவர் பதில்:

“நாங்கள் எண்டா நாங்கள்தான். நீங்கள், நான், சோலை அண்ணை. நாங்கள் மூண்டு பேரும். வேற ஆர் இஞ்ச இருக்கினம்?”

அப்படியானால் ‘நாம்’ என்று அல்லவா சொல்ல வேண்டும் என்றேன்.

அவர் சிரித்தார். பல் அடித்துக்கொள்ளும் சத்தத்துக்கு நடுவே சிரித்தார்.

“அது மேடையில பேசுற ஆக்கள் சொல்லுறது அன்ரி. எங்கட வீட்டில ஆர் ‘நாம்’ எண்டு கதைக்கிறது? அம்மா சோத்தைப் போட்டுட்டு, ‘வா, நாங்கள் சாப்பிடுவம்’ எண்டு கூப்பிடுவா. அப்ப என்னை விட்டுட்டே அம்மா சாப்பிட்டவ?”

வியாழன், 08.50

நம்பவில்லை என்றேன். உண்மையில் நம்பிவிட்டேன். நம்பாமல் இருக்க விரும்பினேன்.

அவர் தன் அம்மாவின் குரல்கடிதம் ஒன்றை இணைப்பில் ஓடவிட்டார். வயதான குரல், என் வயது இருக்கலாம். “நீ வந்து இறங்கின உடன நாங்கள் மாமி வீட்ட போவம் ராசா. நீ வராம நான் போகமாட்டன்.”

நீ வராமல் நான் போகமாட்டேன். நாங்கள் போவோம்.

அவர்கள் பேச்சில் அந்தச் சொல் எவரையும் வெளியே நிறுத்துவதில்லை. சிஸ்டர் லூர்துவின் வகுப்பில் இது இல்லை. ஒரு மாதமாக இந்த மனிதர் என் பக்கத்தில் இருந்திருக்கிறார். நான் ஆங்கிலம் பேச வைத்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், சாப்பாட்டு மேசையில் அவரைத் தமிழில் பேசவிட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

காதில் விழுந்தது: நாங்கள். மனதில் நினைத்தது: ஒற்றன். இரண்டாவதை முதலாவதாக எழுதி, மூன்று பக்கம் விளக்கமும் சேர்த்து அனுப்பினேன்.

வியாழன், 10.00

இதைச் செவ்வாயன்றே செய்திருக்க வேண்டும். பனியில் பதித்திருக்கும் என் ஒலிவாங்கிகளை எதிர் நிலையத்தின் திசைக்குத் திருப்பினேன். வடிகட்டி கேட்டேன்.

அவர்களின் துளையிடும் கருவி தெளிவாகக் கேட்கிறது. எந்தத் திசை, எவ்வளவு ஆழம் என்றுகூட என்னால் குறிக்க முடிகிறது. பனி எல்லா ஒலியையும் எல்லாப் பக்கமும் கடத்துகிறது.

அவர்கள் வேலை எனக்குக் கேட்கிறது என்றால் எங்கள் வேலை அவர்களுக்கும் கேட்டிருக்கும். ஊற்றை நோக்கி எங்கள் கருவி திரும்பிய அன்றே அவர்கள் அறிந்திருப்பார்கள். அதற்கு ஒற்றன் வேண்டாம். காது போதும்.

நாற்பது ஆண்டுகளாக இது என் துறை.

வியாழன், 10.40

மேல்தளத்துக்கு அனுப்பியது, முழுமையாக:

“சத்தியரூபன் மீதான என் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன். என் சான்று தவறு. ‘நாங்கள்’ என்ற சொல்லை அவர் ஊர்ப் பேச்சில் எதிரிலிருப்பவரையும் சேர்த்தே வழங்குகிறார்கள். அவர் தாயின் குரலை இணைத்துள்ளேன். எதிர் நிலையத்தின் துளையொலியையும் இணைத்துள்ளேன். அதைக் கேட்டால் ஊற்றின் இடம் எப்படித் தெரிந்தது என்பது விளங்கும். நாங்கள் மூவரும் குற்றமற்றவர்கள். கூண்டை அனுப்புங்கள். ரூபனின் அறைக்கு உடனே சூடு கொடுங்கள்.”

வியாழன், 19.05

பதில் வந்தது. அமுதினி, அதே இனிமை.

“மேடம், உங்க கடிதத்தை எந்திரம் பார்த்துடுச்சு. ஒரு சிக்கல். திங்கக்கிழமை பதிவுல ‘நாம் தேடிய ஊற்று’ன்னு எழுதியிருக்கீங்க. ‘நமக்குப் பெருமை’ன்னு எழுதியிருக்கீங்க. அதுல நிறுவனமும் சேர்த்தி. இன்னைக்கு ‘நாங்கள் மூவரும்’னு எழுதியிருக்கீங்க. அதுல நாங்க இல்ல.”

நான் உங்களுக்கு எழுதினேன். நீங்கள் அந்த மூவரில் ஒருவர் அல்ல. அந்த இடத்தில் ‘நாங்கள்’தான் வரும், வேறு எதுவும் வராது, அதுதான் சரியான இலக்கணம் என்றேன். கத்தினேன் என்று நினைக்கிறேன்.

“இலக்கணம் சரிதான் மேடம். அவர் ஊர்ல வேற மாதிரின்னு சொல்றீங்க. உங்க ஊர்ல அப்படி இல்லையே. உங்க விதிப்படி, அவரைவிட உங்க மேலதான் சான்று பலமா இருக்கு.”

ஒலிப்பதிவைக் கேட்டீர்களா என்றேன்.

“பனியில சத்தம் கேக்கும்னு சொல்றீங்க. அது விளக்கம். சான்று இல்ல. ஒற்றரைக் காப்பாத்த நினைக்கிறவங்க விளக்கம் கொடுப்பாங்க, இல்லையா மேடம்?”

பிறகு, யாருக்கோ உதவுவதுபோல: “விசாரணைக் குழு அமைக்கிறோம். அடுத்த பருவத்துல இறங்குவாங்க. அதுவரைக்கும் நீங்களும் அவரும் அங்கேயே ஒத்துழைக்கணும்.”

வெள்ளி, 11.20

கூண்டு இறங்கியது. பொருந்தும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு கதவு திறந்தது.

சோலை நடைவழியில் வந்து என் கண்ணாடிக்கு எதிரில் நின்றார். முகம் கழுவி, தலை வாரியிருந்தார். சுவர்ப் பேசியை எடுத்தார்.

“மேடம். நான் உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல மேடம். நீங்க அவனோட தமிழ்ல பேசினீங்களான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அம்புட்டுத்தான்.”

எதிர் நிலையத்தின் துளையொலிப் பதிவின் நகல் ஒன்றைக் கொண்டுபோகச் சொன்னேன். கதவுக்குக் கீழே அது நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது.

“கையில எதையும் எடுத்துட்டு வரக்கூடாதுன்னுட்டாய்ங்க. சோதிப்பாங்களாம்.” குனிந்து என் முகத்தைப் பார்த்தார். “நாம பார்த்துக்கலாம் மேடம். மேல போனதும் நம்ம கேஸை நானே பேசுறேன். நம்மள விட்டுருவாய்ங்களா?”

நாம. நம்ம. நம்மள. என் விதிப்படி அவரைவிட விசுவாசமான மனிதர் இல்லை.

ரூபனின் கதவருகே ஒரு கணம் நின்றார். பேசியை எடுக்கவில்லை. கூண்டு ஏறியது.

இப்போது எழுதுவது எளிது: தப்பித்தவன்தான் ஒற்றன். எல்லாம் பொருந்தும். என்னிடம் அதற்குச் சான்று இல்லை. எழுத மாட்டேன். அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள், காது குத்தப் போகிறார். எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

வெள்ளி, 18.00

துளையின் சூடேற்றிகள் நின்றன. ஒலிவாங்கியில் கேட்கிறது. மேலிருந்து தண்ணீர் இறுகிக்கொண்டே வருகிறது, கண்ணாடியை மெல்லுவதுபோல. என் அறையிலும் வெப்பத்தைக் குறைத்துவிட்டார்கள். விரல்களில் உணர்வு போகும்முன் எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

ரூபனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயரை அனுப்பியது நான் என்பதையும். என்ன காரணம் என்பதையும்.

“ஒரு சொல்லுக்கோ அன்ரி?”

ஆமாம்.

நான் இணைப்பைத் திறந்தே வைத்திருந்தேன். மூடும் உரிமை அவருக்கு இருந்தது. மூடவில்லை.

“நீங்கள் கேட்டிருக்கலாம்,” என்றார் கடைசியில். “‘டேய், நாங்கள் எண்டா என்னடா’ எண்டு என்னட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாம்.”

எல்லாவற்றையும் கேட்டேன், பனியைக்கூட. அதை மட்டும் கேட்கவில்லை.

சனி, காலை

கதவின் பூட்டைக் கத்தரிக்கோலால் நெம்பினேன். கத்தரிக்கோல் முறிந்தது. அவர் பக்கத்திலிருந்தும் ஏதோ தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு நின்றது. மூச்சு சுவரில் பனியாகப் படிகிறது. மேல்தள இணைப்பு திறந்திருக்கிறது, யாரும் பேசுவதில்லை. எந்திரம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

ரூபன்: “அன்ரி, தேத்தண்ணி இருக்கே?”

இருக்கிறது, சூடாக்க வழியில்லை என்றேன்.

“எனக்கும் அப்பிடித்தான். பரவாயில்லை. நாங்கள் குடிச்ச மாதிரி நினைப்பம்.”

நினைத்தோம். சீனி எத்தனை என்று கேட்டார். சீனி போடுவதில்லை என்றேன். “அதுதான் இவ்வளவு கடுமை” என்றார். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று எழுத மாட்டேன். அதற்கும் சான்று இல்லை. ஆனால் சிரித்தார்.

என்னை டாக்டர் என்று அழைக்கச் சொன்னதைத் திரும்பப் பெற்றேன்.

சனி, பிறகு

எழுத்து கோணுகிறது. மன்னிக்கவும்.

அவர் தன் அம்மாவின் குரலை மறுபடி ஓடவிட்டார். நாங்கள் மாமி வீட்ட போவம். இருவரும் கேட்டோம். அந்த அம்மாளுக்கு யாராவது தெரிவிக்க வேண்டும். அவர் பிள்ளை எவருக்கும் எதையும் விற்கவில்லை. இதைக் கண்டெடுப்பவருக்கு என் ஒரே வேண்டுகோள் அதுதான். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

துளையொலிப் பதிவு இந்தப் பதிவேடு இருக்கும் பெட்டியிலேயே இருக்கிறது. கேளுங்கள். முதலில் கேளுங்கள்.

ஞாயிறு என்று நினைக்கிறேன்

ரூபனைக் கூப்பிட்டேன். இணைப்பு திறந்திருக்கிறது. மூச்சா, பனியா, பிரிக்க முடியவில்லை. நாற்பது ஆண்டு

இரு அறைகளுக்கும் ஓடும் குழாயில் தட்டினேன். ஒரு தட்டு திரும்ப வந்தது. வந்தது. விரிசல் ஒலி அப்படி இராது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று இனி எழுதக் கூடாது.

ரூபன். நாங்கள் மேலே போவோம்.

நாங்கள் இங்கே இருக்கிறோம்.

இதைப் படிப்பவரே, நீங்கள் இலக்கணம் கற்றவரானால் அந்தச் சொல்லை என் பள்ளிக்கூட முறையில் படிக்காதீர்கள். அது ரூபனின் ‘நாங்கள்’. அதில் நீங்களும் இருக்கிறீர்கள்.

உங்களையும் குற்றவாளியாக்க மேலே இருப்பவர்களின் எந்திரத்துக்கு அதுவே போதும்.

உங்கள் கதவு திறந்திருக்கிறதா, பாருங்கள்